ஆளில்லாத் தீவில் மூன்று நாள்

சூரிச்சில் இருக்கும் என் அக்கா பையன் வருஷத்துக்கு இரண்டு தடவை போன் பண்ணுவான். ஒன்று தீபாவளிக்கு. இன்னொன்று, ஏதாவது காரியம் ஆக வேண்டியிருந்தால். போன வாரம் பண்ணினான். தீபாவளி இல்லை.

"மாமா, பத்து நாள் லீவு போட்டிருக்கேன். நாலு நாள் மாலத்தீவு, மூணு நாள் ஊட்டி, மிச்சம் அம்மாவோட. மாலத்தீவு புக் பண்ணியாச்சு. ஊட்டிக்கு நீங்க ஒரு பிளான் போட்டுக் குடுங்க. அங்கதானே இருக்கீங்க?"

நான் இருப்பது குன்னூரில். வெளியூர்க்காரர்களுக்கு நீலகிரி ஜில்லா முழுக்க ஊட்டிதான். அதைத் திருத்துவதை நான் விட்டு ரொம்ப நாளாயிற்று.

"சூரிச்லேர்ந்து ஊட்டிக்கு எதுக்குடா? அங்க இல்லாத மலையா?"

"அது சரி மாமா. ஆனா இதைப் பாருங்க" என்று ஒரு பிடிஎஃப் அனுப்பினான். ஏதோ ஒரு டிராவல் ஏஜென்ட் போட்டுக் கொடுத்த '2 இரவு, 3 பகல்' திட்டம். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'இந்தியாவின் ஸ்விட்சர்லாந்துக்கு வருக!'

ஸ்விட்சர்லாந்திலிருந்து கிளம்பி, ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து, ஸ்விட்சர்லாந்துக்கே வந்து இறங்க ஒருத்தன் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்திருக்கிறான்.

இந்தப் பக்கத்தில் சினிமா, நாவல் என்று விமர்சனம் எழுதுவது வழக்கம். இந்த வாரம் அந்த பிடிஎஃபை எடுத்துக்கொள்கிறேன். சிரிக்காதீர்கள். நம்மூர் நடுத்தரக் குடும்பம் வருஷத்தில் ஒரு தடவை ஊன்றிப் படிக்கிற உரைநடை அதுதான். குடும்பமே கூடி உட்கார்ந்து, வரிக்கு வரி வாசித்து, 'காலை டிபன் உண்டு' என்ற இடத்தில் பேனாவால் கோடு போட்டு, 'நுழைவுக் கட்டணம் தனி' என்ற இடத்தில் சண்டை போட்டுப் படிக்கிறார்கள். எந்த நாவலுக்குக் கிடைத்தது இந்த மரியாதை?

முதல் நாள்: மேட்டுப்பாளையத்தில் ஏற்றிக்கொள்வார்கள். குன்னூர் சிம்ஸ் பார்க், லேம்ப்ஸ் ராக், டால்ஃபின் நோஸ். இரண்டாம் நாள்: தாவரவியல் பூங்கா, தொட்டபெட்டா, டீ ஃபேக்டரி, போட் ஹவுஸ், சாக்லேட் கடை. மூன்றாம் நாள்: பைக்காரா அருவி, ஷூட்டிங் மேடு, மறுபடி மேட்டுப்பாளையம். இதில் மூன்றே வினைச்சொற்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. பாருங்கள், மகிழுங்கள், புறப்படுங்கள். 'உட்காருங்கள்' கூட இல்லை.

இரண்டாவது தடவை படித்தபோதுதான் உறைத்தது. இதில் ஒரு மனுஷன் இல்லை. தேயிலைத் தோட்டம் படத்தில் இருக்கிறது, இலை பறிப்பவர் இல்லை. டீ ஃபேக்டரியில் மெஷின் இருக்கிறது, ஆள் இல்லை. நீலகிரியில் ஏழு லட்சத்துக்கும் மேல் ஜனம். அத்தனை பேரையும் இரண்டு பக்கத்தில் காலி பண்ணிவிட்டார்கள்.

அக்கா பையனின் இன்னொரு பிடிஎஃபும் இப்படித்தான் இருந்தது. மாலத்தீவு. ஆனால் அங்கே அதற்கு ஒரு நியாயம் உண்டு.

மாலத்தீவின் முதல் ரிசார்ட் 1972-ல் திறந்தது. பெயர் குரும்பா. அவர்களின் திவேஹி மொழியில் இளநீர்க் காய் என்று அர்த்தம். நம் 'குரும்பை'க்கு நெருங்கிய சொந்தம்தான். அதிலிருந்து அவர்கள் பிடித்துக்கொண்ட சூத்திரம், ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட். அதுவும் ஜனங்கள் குடியில்லாத தீவாகப் பார்த்து. தலைநகர் மாலேயை விட்டால், மக்கள் வாழும் தீவுகளில் வெளிநாட்டுப் பயணிகளுக்கு விடுதி வைக்க நெடுங்காலம் அனுமதி கிடையாது. 2009 வாக்கில்தான் அது தளர்ந்தது. வந்தவன் தன் உலகத்தில் இருக்கட்டும், நாங்கள் எங்கள் உலகத்தில் இருக்கிறோம் என்ற ஏற்பாடு. நல்லதோ கெட்டதோ, யோசித்து எடுத்த முடிவு. தீவு நிஜமாகவே காலியாக இருந்தது.

நீலகிரியும் ஒரு வகையில் தீவுதான். உயிரியல்காரர்கள் இந்த மாதிரி மலைகளை 'வானத் தீவு' என்கிறார்கள். சுற்றிலும் கடலுக்குப் பதில் வெக்கையான சமவெளி. மேலே குளிர்ந்த சோலைக்காடும் புல்வெளியும். இங்கே சோலையின் அடியில் தத்தித் திரியும் ஒரு சின்ன நீலப் பறவை இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் அதற்கு சமுத்திரம் மாதிரி. தெற்கே இருக்கும் அதன் பங்காளி வேறு இனமாகவே பிரிந்துவிட்டது. 2017-ல் ஆராய்ச்சியாளர்கள் இந்தப் பறவைகளுக்கென்று 'ஷோலிகோலா' என்று தனிப் பேரினமே அமைத்தார்கள். சோலையில் வசிப்பது என்று பொருள்.

ஆக, தீவு என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆளில்லாத தீவு என்பதில்தான் தகராறு.

இந்த ஆளில்லாத நீலகிரியை முதலில் எழுதியது அந்த டிராவல் ஏஜென்ட் இல்லை. அவருக்கு நூற்றெழுபது வருஷத்துக்கு முன்னால் ஒரு தாத்தா இருக்கிறார். ரிச்சர்டு பர்ட்டன். பிற்பாடு 1853-ல் மாறுவேஷத்தில் மெக்கா போனவர், ஆயிரத்தோரு இரவுக் கதைகளை ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர் என்றெல்லாம் உலகப் புகழ் பெற்ற அதே பர்ட்டன்தான். 1847-ல் அவர் பம்பாய் ராணுவத்தில் ஒரு இளம் லெப்டினன்ட். சிந்து மாகாணத்தில் உடம்பு கெட்டுப்போனது. நீலகிரியில் போய்த் தேறி வா என்று இரண்டு வருஷம் லீவு கொடுத்தார்கள். இரண்டு வருஷம்! நம் ஆபீசில் இரண்டு நாளுக்கு மெடிக்கல் சர்டிஃபிகேட் கேட்கிறான்.

பர்ட்டன் கடல் வழியாக கோவா, அப்புறம் மலபார், கோழிக்கோடு என்று சுற்றி மலையேறி வந்தார். வந்த கொஞ்ச நாளிலேயே ஊட்டி அலுத்துவிட்டது. கண்ணில் அழற்சி வேறு. லீவு மிச்சம் இருக்கும்போதே மூட்டை கட்டிவிட்டார். 1851-ல் லண்டனில் புத்தகம் போட்டார். தலைப்பைத் தமிழில் சொன்னால், 'கோவாவும் நீல மலைகளும், அல்லது ஆறு மாத நோய் விடுப்பு'.

நீலகிரி பற்றிய பழைய ஆங்கிலப் புத்தகங்களில் நான் சிரித்துக்கொண்டே படித்தது இது ஒன்றுதான். காரணம், பர்ட்டன் பொய் சொல்வதில்லை. சல்லிவன் துரை 1822-ல் ஊட்டியில் வீடு கட்ட ஆரம்பித்த நாளிலிருந்து, இது இந்தியாவுக்குள் ஒரு குட்டி இங்கிலாந்து என்று எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். பர்ட்டன் வந்து பார்த்துவிட்டு, என்னய்யா இது, மழை, சளி, தினம் அதே நாலு முகம், அதே நாலு பேச்சு என்று போட்டு உடைத்தார். மெட்ராஸ்காரர்களும் பம்பாய்க்காரர்களும் ஒருத்தரை ஒருத்தர் எப்படி மட்டமாகப் பார்த்தார்கள் என்பதைக் கிண்டலாக எழுதுகிறார். (அந்தக் காலத்துக் கேலியில் மெட்ராஸ் துரைகளுக்கு 'மல்' என்று பட்டம். நம் மிளகுத்தண்ணியின் சுருக்கம்.) ஊட்டிக்கு எழுதப்பட்ட முதல் மோசமான ரிவ்யூ என்றே இதைச் சொல்லலாம். விளம்பரத்துக்கும் நிஜத்துக்கும் உள்ள தூரத்தை அளந்து சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த வேலையை ரசித்துச் செய்திருக்கிறார்.

அவர் பக்கமும் கொஞ்சம் பார்க்க வேண்டும். தாவரவியல் பூங்கா ஆரம்பித்தது 1848-ல், அவர் கிளம்பிப்போன மறு வருஷம். மலை ரயில் குன்னூருக்கு வந்தது 1899-ல், ஊட்டிக்கு 1908-ல். ஆக, இன்றைய பிடிஎஃபில் உள்ள பாதி ஐட்டம் அந்த மனுஷனுக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் புத்தகத்தின் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. இவ்வளவு கூர்மையான ஆள், தனக்கு போரடிக்கிறது என்றால் அது ஊரின் குற்றம் என்று கடைசி வரை நம்புகிறார். வழியெல்லாம் பார்த்த கோவாக்காரர், மலையாளி, தமிழர் எல்லோரும் அவருக்குக் கிண்டல் சரக்கு. அந்த ஏளனத்தை 'அந்தக் காலம் அப்படி' என்று தள்ளிவிட்டுப் படிக்க என்னால் முடியவில்லை. ஊட்டிக்கு வந்த பிறகும் அவருக்கு ஊர் என்றால் துரைமார்களின் பங்களாக்கள்தான். தோடர், படகர், கோத்தர், குறும்பர், இருளர் எல்லோரும் எங்கே? புத்தகம் முடியப் போகும்போது, கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில், மியூசியத்தில் அலமாரிக்கு அலமாரி வைத்தமாதிரி வரிசையாக நிற்கிறார்கள்.

அந்த அத்தியாயத்தில் ஒரு இடம் வருகிறது. வெள்ளைக்காரர்களும் அவர்களோடு வந்த கூட்டமும் மோதியதில் தோடர்களின் வாழ்க்கை சீரழிந்துவிட்டது என்று பர்ட்டன் பட்டவர்த்தனமாக எழுதுகிறார். யோசித்துப் பாருங்கள். ஊட்டிக்கு அப்போது வயது இருபத்தைந்துதான். அதற்குள் ஒரு உல்லாச ஊருக்கு உள்ளூர்க்காரர்கள் கொடுத்த விலை என்ன என்பது அவர் கண்ணில் பட்டுவிட்டது. வேறு யாராவது என்றால் புத்தகத்தையே அங்கே நிறுத்தித் திருப்பியிருப்பார்கள். பர்ட்டன் அதைச் சொல்லிவிட்டு அடுத்த வேடிக்கைக்குப் போய்விடுகிறார். பாருங்கள், மகிழுங்கள், புறப்படுங்கள்.

ஆட்களைக் காலி பண்ணிவிட்டால் ஒரு வசதி உண்டு. அந்த இடத்தை எதுவாக வேண்டுமானாலும் ஆக்கிக்கொள்ளலாம். துரைகளுக்கு இங்கிலாந்து. 1984-ல் டேவிட் லீன் 'எ பாஸேஜ் டு இந்தியா' எடுத்தபோது நம் மலை ரயில், கதையில் வரும் மராபார் குகைகளுக்குப் போகிற ரயிலாக நடித்தது. 1992-ல் 'ரோஜா'வில் இந்தப் பக்கத்து மலைகள் காஷ்மீருக்கு டூப் போட்டன. சினிமாவில் அது நியாயம், டூப் என்று தெரிந்துதான் எடுக்கிறார்கள். டிராவல் ஏஜென்ட்டின் ஸ்விட்சர்லாந்தும் டூப்தான். அவர் அதைச் சொல்வதில்லை. டூப் நடிகரின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

பார்த்த ஒருத்தர் இருந்தார். ராஜம் கிருஷ்ணன். கணவர் மின்வாரிய இன்ஜினீயர். குந்தா நீர்மின் திட்டம் நடந்த காலத்தில் நீலகிரியில் வசித்தவர். பர்ட்டனுக்கு லீவு என்றால் இவருக்குக் கணவரின் டிரான்ஸ்ஃபர். இரண்டு பேருமே தாமாக ஆசைப்பட்டு வந்தவர்கள் இல்லை. இவர் படகர்களின் ஹட்டிகளுக்குப் போனார், அவர்களோடு பேசினார், 'குறிஞ்சித் தேன்' எழுதினார். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பூக்கும் குறிஞ்சியை வைத்து வயதைக் கணக்கிடுகிற ஒரு சமூகம். சாமையும் ராகியும் விளைந்த நிலத்தில் உருளைக்கிழங்கும் தேயிலையும் வருகின்றன. பின்னாலேயே பணம், கோர்ட், அணைக்கட்டு. நாவலில் குறை இல்லாமல் இல்லை. பழைய வாழ்க்கையின் மேல் கொஞ்சம் அதிகமாகத் தேன் தடவுகிறார். சில இடங்களில் கதாபாத்திரத்தை நகர்த்திவிட்டு அவரே மேடையேறிப் பேசுகிறார். ஆனாலும் நாவலை மூடும்போது இந்த மலை எதற்கும் டூப் இல்லை, அதுவே அதுவாக நிற்கிறது. ஊட்டி பஸ்ஸில் ஏறுகிற தமிழர்களில் நூற்றில் ஒருவர் இதைப் படித்திருந்தால் ஆச்சரியம்.

தீவு என்று ஆரம்பித்தேன் இல்லையா? இந்த மலையில் தீவிலிருந்தே வந்தவர்களும் இருக்கிறார்கள். 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் போட்டார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழர்களில் லட்சக்கணக்கானவர்களை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் ஆரம்பமாயின. இன்று டேன்டீ என்று பாக்கெட்டில் பார்க்கிறீர்களே, அதுதான். கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கமெல்லாம் அந்தக் குடும்பங்கள். 2022-ல் டேன்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுப்பது என்று அரசு முடிவெடுத்ததும், எங்கள் வேலையும் வீடும் என்ன ஆகும் என்று போராட்டத்தில் இறங்கினார்கள். அக்கா பையன் காசு கொடுத்துத் தீவுக்குப் போகிறான். இவர்களைத் தீவிலிருந்து ஒரு கையெழுத்து இங்கே கொண்டுவந்து போட்டது. அவன் செல்ஃபி எடுக்கப்போகும் தேயிலைச் சரிவில், ஃபிரேமுக்கு வெளியே கூடையோடு நிற்கிற அம்மா ஒருவேளை கண்டியில் பிறந்தவராக இருக்கலாம். பிடிஎஃபில் இதற்கு இடமில்லை.

சர்க்காருக்கும் இப்போது கணக்குப் போட்டே ஆகவேண்டிய நிலைமை. மெட்ராஸ் ஹைகோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வர இ-பாஸ் என்று ஆயிற்று. 2025 கோடையில் வார நாட்களில் ஒரு நாளைக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறுகளில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் வந்தது. மலை தாங்காது என்று கோர்ட் சொல்ல வேண்டியிருந்தது. வண்டிக்குக் கணக்கு வந்துவிட்டது. வண்டியில் வருகிறவர் எதைப் பார்த்துவிட்டுப் போகிறார் என்பதற்கு எந்தக் கோர்ட்டும் உத்தரவு போட முடியாது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வருஷம் முழுக்க சீட்டுப் பிடித்து, பசங்களுக்கு ஸ்வெட்டர் வாங்கி, வேனில் வாந்தி எடுத்துக்கொண்டே மலையேறுகிற குடும்பத்தைக் கேலி பண்ணுவது என் நோக்கமில்லை. அந்தக் கேலி இங்கே நிறைய உண்டு. 'டூரிஸ்ட் தொல்லை தாங்கலைங்க' என்று டீக்கடையில் சொல்பவர்களில் பாதிப் பேர் என்னைப்போல மெட்ராஸிலிருந்து வந்து குடியேறினவர்கள். அதுவும் பர்ட்டன் ஏளனம்தான், வேறு கம்பளிச் சட்டை போட்டிருக்கிறது. குடும்பத்தின் மேல் தப்பில்லை. அவர்கள் கையில் கொடுத்த உரைநடை மேல்தான் தப்பு.

கடைசியில் நானே ஒரு பிளான் எழுதினேன்.

முதல் நாள், மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில். குன்னூர் வரை பல்சக்கரம் கடித்துக் கடித்து ஏறும். அவசரப்பட்டால் ஒன்றும் நடக்காது. குன்னூரில் இறங்கி மார்க்கெட்டில் நட, சூடாக வர்க்கி வாங்கித் தின்னு. வேறெதுவும் வேண்டாம்.

இரண்டாம் நாள், தாவரவியல் பூங்கா. கண்ணாடி மாளிகையோடு திரும்பிவிடாதே. பூங்காவுக்கு மேலே தோடர்களின் மந்து இருக்கிறது. ஊர்ப் பெயரில் கடைசியில் வருகிற 'மண்டலம்' அந்த 'மந்து'தான் என்பார்கள். அங்கே குடும்பங்கள் வசிக்கிறார்கள். கேமராவைத் தூக்கிக்கொண்டு நுழைவது அடுத்த வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்ப்பது மாதிரி. கேட்டுவிட்டுப் போ. வேண்டாம் என்றால் வணக்கம் சொல்லித் திரும்பு. சிவப்பும் கறுப்புமாக அவர்கள் போடும் எம்பிராய்டரிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாங்கினால் பேரம் பேசாதே.

மூன்றாம் நாள், கோத்தகிரி பக்கம் கன்னேரிமுக்கு. சல்லிவனின் பழைய பங்களா அங்கே காட்சியகமாக இருக்கிறது. இந்த மொத்த கதையும் ஆரம்பித்த இடம். மத்தியானம் ஏதாவது ஒரு ஹட்டி ஓரமாக, ரோட்டு டீக்கடையில் உட்கார். 'உட்கார்' என்ற வார்த்தைக்கு அடியில் நானே கோடு போட்டேன்.

அனுப்பின அரை மணியில் போன் வந்தது.

"மாமா, இதுல போட் ஹவுஸ் இல்லையே?"

"பசங்க ஆசைப்பட்டா சேர்த்துக்கோ. அந்த ஏரியும் சல்லிவன் வெட்டினதுதான்."

"மூணு நாள்ல மனுஷங்களைத் தெரிஞ்சுக்க முடியுமா மாமா?"

"முடியாது. மனுஷங்க இருக்காங்கன்னு தெரிஞ்சுக்கலாம்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் பசங்கள் ஜெர்மனில் ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மாலத்தீவுல ஒரு நாளைக் குறைச்சா பணம் திரும்பத் தருவாங்களான்னு கேட்டுப் பாக்கறேன்" என்றான். "ஊட்டிக்கு நாலு நாள் வெச்சுக்கலாம்."

பரவாயில்லை. பர்ட்டனுக்கு இரண்டு வருஷம் கொடுத்தும் ஒரு நாள் கூடக் கேட்கத் தோன்றவில்லை.